முத்தானுக்கு ஊத்தின மருந்து

சன்னலோரமே உக்காருங்க தம்பி. எனக்கு எந்தப் பக்கம்னாலும் ஒண்ணுதான், வெளிய பாக்கற மனசு இல்லீங்க. அந்தப் பையி என்னுங்க, மருந்துக் கம்பெனிங்களா? பாத்தொடனே நெனச்சேன். இந்த வெய்யில்ல முழுக்கைச் சட்டைய மணிக்கட்டு வரைக்கும் பித்தான் போட்டுட்டு வேற ஆரு பஸ்ஸு ஏறுவாங்க. மொகத்தச் சுளிக்காதீங்க, சும்மா சொன்னேன். நானும் ஒரு வகையில மருந்துக்காரன்தானுங்க. மனுசனுக்கில்ல, குதிரைக்கு.

சிரிக்கிறீங்க. சிரிங்க. எங்கூரு அந்தியூருக்குப் பக்கத்துலைங்க. ஆடி நோம்பிக்குக் குதிரைச் சந்தை கூடுமல்லோ, அங்க வந்து நாச்சிமுத்துன்னு கேட்டீங்கன்னா, "எந்த நாச்சிமுத்து, வயித்துவலி நாச்சிமுத்தா?"ன்னுதான் கேப்பாங்க. எனக்கு வயித்துவலி இல்லீங்க. குதிரை வயித்துவலிக்கு மருந்து ஊத்தி ஊத்தி அந்தப் பேரு ஒட்டிக்கிச்சு. ஓமம் ரண்டு கைப்புடி, சுக்கு ஒரு துண்டு, பெருங்காயம் கொட்டப்பாக்கு அளவு. வறுத்து இடிச்சு, வெல்லம் போட்டுக் காச்சி, ஆறுனதும் வெளக்கெண்ணெய் கலந்து, மூங்கக் குழாயில எடுத்துக் கடவாய்ல ஊத்தோணும். அப்பறம் நடத்தோணும். உருள உடப்படாது. அரை மணி நேரத்துல காத்துப் பிரியும், ஒரு மணி நேரத்துல லத்தி போடும், குதிரைச் சாணியத்தான் அப்படிச் சொல்லுவோம். கண்டிருக்கறேன் தம்பி. ஒண்ணு ரண்டில்ல, நாப்பது அம்பது குதிரை.

எங்கிருந்து வர்றேன்னா கேக்கறீங்க? திண்டுக்கல்லுக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரு. ஒரு குழந்தை நல்லா இருக்குதான்னு பாத்துட்டு வரச் சொல்லி எங்கூட்டுக்காரி அனுப்பிச்சா. சொந்தமெல்லாம் இல்லீங்க. ஒரு மாட்டு டாக்டரம்மாவோட குழந்தை. அந்தம்மா முழுகாம இருந்தப்ப, எங்கூட்டுக்காரி அவங்க மேல மண்ண வாரித் தூத்திப்போட்டா. அந்த மண்ணு குழந்தை மேல உழுந்துருச்சோ என்னமோன்னு இத்தன மாசமா அவளுக்கு ஒரு வாய் சோறு ஒழுங்கா எறங்கறதில்லீங்க. அதுக்குத்தான் இந்தப் பயணம்.

ஆனா எனக்கு அந்த டாக்டரம்மா மேல ஒரு கோவம் உண்டுங்க. இன்னமும் உண்டு. நீங்களே கேட்டுட்டு நாயம் சொல்லுங்க. ஈரோடு போறதுக்கு நேரங் கெடக்குதல்ல.

எங்ககிட்ட ஒரு குதிரை இருந்துதுங்க. முத்தான்னு பேரு. வெள்ளைன்னா வெள்ளை, நெத்தியில கூட ஒரு பொட்டு மாத்து நெறம் கெடையாது. கண்ணாலத்துக்கு, காது குத்துக்கு, கோயல் ஊர்வலத்துக்குக் கூட்டிட்டுப் போவேன். மேளத்துக்கு ஆடும். நாதசுரம் நின்னா அதுவும் நிக்கும், பாத்தவங்க அசந்து போவாங்க. பொறந்து பத்தொம்பதாம் நாள் அதும் தாயி செத்துப் போச்சு. எங்கூட்டுக்காரி, பாவாத்தான்னு பேரு, ஆட்டுப்பாலு பீச்சிப் புட்டியில ஊத்தி வளத்துனா. எங்களுக்குப் புள்ளைகுட்டி இல்லீங்க. அவ அதைக் குதிரைன்னு சொல்லி நான் கேட்டதில்ல. "உங்க மகன் இன்னிக்குக் கொள்ளு திங்க மாட்டேங்கறான்"பா. "உங்க மகன் என்னை மோந்து பாக்கறான்"பா. நானும் மகன்னுதான் சொல்லுவேன். பின்ன என்ன சொல்றது.

குதிரைங்கறது பாவப்பட்ட சீவன் தம்பி. மாடாவது தின்னதை மறுக்கா மேல கொண்டாந்து அசை போட்டுக்கும். குதிரைக்கு அது கெடையாது. கக்கத் தெரியாது. உள்ள போனது போனதுதான், பின்னால போயித்தான் ஆகோணும். அதனால குதிரை வெச்சிருக்கறவன் காத்தால எந்திரிச்சதும் சாமி மொகத்துல முழிக்கறதில்லீங்க, லத்தி மொகத்துலதான் முழிப்பான். லத்தி இருந்தா அன்னிக்குப் பொழுது நல்ல பொழுது.

போன வருசம் வைகாசியில ஒரு பெரிய எடத்துக் கண்ணாலம். விடியக்காலத்துல மாப்பிள்ளை ஊர்வலம். எங்க பக்கம் சில ஊர்ல ஒரு மொறை இருக்குதுங்க. மாப்பிள்ளை எறங்குனதும் அத்தைமாருங்க குதிரைக்குச் சீர் வெப்பாங்க. ஒரு தட்டுல பச்சரிசியும் வெல்லமும். குதிரை வாய் வெச்சாத்தான் மாப்பிள்ளைக்கு நல்லதுன்னு ஐதீகம். நான் எப்பவும் ஒரு கை திங்க உட்டுட்டுத் தட்டை நகத்திப் போடுவேன். பச்சரிசி குதிரைக்கு எமனுங்க. தின்னு தண்ணி குடிச்சா உள்ள போயி ஊதும்.

அன்னிக்கு அந்த மாப்பிள்ளைக்கு அத்தைங்க ஏழு பேரு. ஏழு தட்டு. அதும் ஒருத்திக்கொருத்தி போட்டி. "பெரியக்கா தட்டுல அத்தனை தின்னுச்சு, எந்தட்டுல மோந்து பாத்துட்டு உட்டுருச்சு"ன்னு ஒரு அத்தை மொகம் சுண்டிப் போச்சு. எல்லாரும் முத்தானைச் சுத்தி நின்னு, "ஆகா, என்ன குதிரை, ராசா கணக்கா நிக்குது"ங்கறாங்க. நான் வேண்டாம்னு எப்படிங்க சொல்றது? நல்ல காரியம் நடக்கற எடத்துல ஒரு பொம்பளை மொகம் கோணலாமுங்களா? தின்னுட்டுப் போவட்டும், எங்கிட்டத்தான் மருந்து இருக்குதேன்னு உட்டுட்டேன். எங்கிட்ட மருந்து இல்லாம இருந்திருந்தா நான் தட்டைத் தட்டி உட்டுருப்பேன் தம்பி. அதை நெனச்சாத்தான் இப்பவும்... சரி உடுங்க.

ஊட்டுக்கு வந்து தண்ணி காட்டுனேன். ஒம்பது மணிக்கெல்லாம் காலால மண்ணைப் பறிக்க ஆரம்பிச்சுது. திரும்பித் திரும்பித் தன் வயித்தைப் பாக்குது. அப்பறம் படுத்துது, எந்திரிச்சுது, படுத்துது. பாவாத்தா ஓடியாந்து கழுத்தக் கட்டிட்டு, "மாமா, டாக்டரம்மாவக் கூப்புடுங்க"ன்னா. "ஏபுள்ள, ஊருக்கே நான்தான் டாக்டரு, எங்குதிரைக்கு நான் ஊசிக்காரியக் கூப்புடறதா?"ன்னேன். அழுதா. சரின்னு போன் போட்டேன்.

சுகந்தின்னு பேருங்க டாக்டரம்மாவுக்கு. சின்ன வயசு. அஞ்சு மாசம் முழுகாம இருந்தாங்க. அந்த வயித்தோட ஸ்கூட்டர்ல ஊரு ஊராப் போயி மாடு பாத்தவங்க. அன்னிக்கு எங்கயோ காட்டுக்குள்ள ஒரு மாட்டுக்குக் கன்னு குறுக்க நின்னுக்கிச்சுன்னு போயிருந்தாங்க. "நாச்சிமுத்தண்ணா, இந்த மாட்டைப் பாத்துட்டுக் கிளம்பறேன். ரெண்டு மணி நேரம் ஆகும். வாய் வழியா எதையும் ஊத்திடாதீங்க, வயிறு ஏற்கனவே நிறைஞ்சிருக்கு. நடத்திட்டு மட்டும் இருங்க"ன்னாங்க.

எனக்குச் சுருக்குன்னுதுங்க. முப்பது வருசமா ஊத்தறவனுக்கு, ஊத்தாதேன்னு முந்தாநாள் வந்த புள்ள சொல்லுது. போனை வெச்சுட்டு நேரா அடுப்பத்தான் பத்த வெச்சேன்.

ரண்டு குழாய் ஊத்துனேன். தலையத் தூக்கிப் புடிச்சு, ஒரு சொட்டு கீழ சிந்தாம ஊத்துனேன். அப்பறம் நடத்துனேன். வலின்னா அப்படி வலி. பல்லைக் கடிக்குது, வேர்த்து ஊத்துது, ஒரு தடவை முன்னங்காலை மடிச்சு எம்மேலயே உழுந்துருச்சு. முக்கா மணி நேரம் ஆச்சு. திடீர்னு நின்னுபோச்சுங்க. வலி நின்னுபோச்சு. மந்திரம் போட்டாப்பல தலையத் தொங்க விட்டுட்டு அமைதியா நிக்குது. மண்ணைப் பறிக்கல, வயித்தைப் பாக்கல. பாவாத்தா எங்காலத் தொட்டுக் கும்புட்டா தம்பி. என்னக் கட்டி இருவத்தெட்டு வருசத்துல அன்னிக்குத்தான். எனக்கு நெஞ்சு நெமுந்துருச்சு.

உடனே ரோட்டுப்பக்கமாப் போயி டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். "வர வேண்டாமுங்க, நம்ம மருந்துலயே சரியாப் போச்சு"ன்னேன்.

அந்தம்மா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. "லத்தி போட்டுதாண்ணா?"

போட்டுதுங்கன்னேன்.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? எப்படியும் போடத்தானே போவுது. நாப்பது அம்பது குதிரை போட்டுருக்குதல்லோ. அரை மணி நேரம் முன்னப் பின்ன, அவ்வளவுதானேன்னு சொன்னேன். போடலீங்கன்னு சொன்னா அந்தம்மா வந்துருவாங்க, வந்து ஒரு ஊசியப் போட்டுட்டு, ஊசியிலதான் பொழைச்சுதுன்னு ஊரு பேசும். அது ஒரு நெனப்பு. அந்த நெனப்பு இல்லைன்னு சொன்னா அது இன்னொரு பொய்யிங்க. "சரிண்ணா, அப்ப நான் இந்த மாட்டையே பாக்கறேன், இதுவும் சாகக் கெடக்கு. பொழுதோட வந்து பாத்துட்டுப் போறேன்"னு வெச்சுட்டாங்க.

மத்தியானத்துக்கு மேல முத்தானுக்குக் காது சில்லுனு ஆயிருச்சுங்க. ஈறு கத்திரிக்கா நெறத்துக்கு வந்துருச்சு. ஒடம்பெல்லாம் நடுக்கம், வேர்வை தொட்டா ஐஸ்ஸாட்டம் இருக்குது. பாவாத்தா கத்தறா: "டாக்டரம்மா ஏன் இன்னும் வரல, ரண்டு மணி நேரத்துல வர்றேன்னுதானே சொன்னாங்க?" நான் என்னுங்க சொல்லட்டும்? நான்தான் வர வேண்டாம்னேன்னு சொன்னா அந்த எடத்துலயே அவ நெஞ்சு வெடிச்சிருக்கும். "வர முடியாதுன்னுட்டாங்க"ன்னேன். வாய்ல வந்துது, சொல்லிப்போட்டேன். மறுக்காப் போன் போட்டா அடிச்சிட்டே இருந்துது, அந்தம்மா கையி மாட்டு வயித்துக்குள்ள இருந்திருக்கும். மூணு மணிக்கு முத்தான் பாவாத்தா மடியில தலைய வெச்சான். அவ்வளவுதான். ஒரு தடவை எங்களைப் பாத்தானுங்க.

பொழுதோட டாக்டரம்மா வந்தாங்க. சொன்னபடி வந்தாங்க. சட்டையெல்லாம் ரத்தமும் சாணியும், மொகம் வெளுத்துக் கெடக்குது. குதிரை செத்துக் கெடக்கறதப் பாத்து அப்படியே நின்னுட்டாங்க. அப்பறம் கையுறையப் போட்டுட்டு முட்டி போட்டு உக்காந்து, பின்னால கைய உட்டுப் பாத்தாங்க, வயித்தத் தட்டிப் பாத்தாங்க. கட்டுத்தரையச் சுத்திப் பாத்தாங்க. பாவாத்தா காத்தால சாணி போட்டு மொழுகுன தரை. ஒரு லத்தி கெடையாது. எங்கிட்ட வந்து மெதுவாச் சொன்னாங்க: "இரைப்பை வெடிச்சிருக்குண்ணா. வலி நின்னது மருந்துல இல்ல. வெடிச்சதும் வலி நின்னு போயிடும்."

எம்பொண்டாட்டி எங்காலத் தொட்டுக் கும்புட்ட நேரம் இருக்குது பாருங்க, அந்த நேரத்துலதான் அது உள்ள வெடிச்சு நின்னுருக்குது.

அப்பத்தான் பாவாத்தா வெளிய வந்தா. தலை அவுந்து கெடக்குது. நேரா வந்தவ கீழ குனிஞ்சு ரண்டு கையிலயும் மண்ண வாரினா. நான் புடிக்கறதுக்குள்ள தூத்திப்போட்டா. "வர முடியாதுன்னு சொன்னியேடி, எம்மகன் வயிறு துடிச்சாப்பல உன் வயிறும் துடிக்கோணும்! இந்த மண்ணு கேக்கும்!"ன்னு மாரடிச்சுட்டு உழுந்தா. அந்த மண்ணு அந்தம்மா தலையில, மொகத்துல, அந்த வயித்து மேல எல்லாம் உழுந்துச்சு.

அந்தம்மா வயித்துல ஒரு கையை வெச்சுக்கிட்டாங்க. என்னத் திரும்பிப் பாத்தாங்க. ஒரே ஒரு தடவை. நான் முத்தானைப் பாத்துட்டு நின்னேன்.

ஒண்ணும் சொல்லலீங்க. மண்ணைக் கூடத் தட்டி உடல. வண்டிய எடுத்துட்டுப் போயிட்டாங்க.

இதுதானுங்க எங்கோவம். சொல்லியிருக்கலாமல்லோ? "உங்க ஊட்டுக்காரருதான் போட்டுதுன்னு சொன்னாரு, வர வேண்டாம்னாரு"ன்னு ஒரு வார்த்தை! சொல்லியிருந்தா அன்னிக்கே எல்லாம் முடிஞ்சிருக்கும். பாவாத்தா எம்மொகத்துல காறித் துப்பியிருப்பா. பொறந்த ஊட்டுக்குப் போயிருப்பா. ஒரு மாசமோ ஆறு மாசமோ கழிச்சு வந்திருப்பா. அவங்க பெரிய மனுசியாட்டம் வாய மூடிட்டுப் போயி, இந்தப் பாரத்த எந்தலையில வெச்சுட்டுப் போயிட்டாங்க. நாயமுங்களா? நீங்களே சொல்லுங்க.

ரண்டு மாசம் கழிச்சு, டாக்டரம்மாவுக்கு ஏழாம் மாசத்துல ரத்தப்போக்கு வந்து ஆசுபத்திரியில சேத்தியிருக்குதுன்னு மாட்டாசுபத்திரி ஆளு வந்து சொன்னான். அன்னிக்குப் பாவாத்தா மொகத்தப் பாத்திருக்கோணும். நெற கொடம் கையில இருந்து நழுவி உடைஞ்சுது. "மாமா, எம்மண்ணு கேட்டுருச்சு"ன்னா. அன்னிலிருந்து கறி மீன் கெடையாது, தலைக்குப் பூ கெடையாது. காத்தால எந்திரிச்சு வாசல் மண்ணத் தொட்டு, "ஆத்தா, குடுத்தத எடுத்துக்க, எடுத்துக்க"ன்னு கும்புடுவா. நான் பல் வெளக்கிட்டே பாத்துட்டு இருப்பேன். அந்தம்மா ஊரு மாத்தலாயிப் போனது தெரிஞ்சுது, குழந்தை என்னாச்சுன்னு தெரியல. கேக்கவும் பயம். போன வாரம் எங்காலப் புடிச்சுட்டா: "நான் போனா வாசல்ல நிறுத்தி அடிப்பாங்க. நீங்க ஒரு தப்பும் பண்ணாதவரு. நீங்க போயிப் பாத்துட்டு வாங்க."

நான் ஒரு தப்பும் பண்ணாதவனாமுங்க.

போனேன். பாத்தேன். பொட்டப்புள்ள, பத்து மாசம். கொழுகொழுன்னு இருக்குதுங்க. வாசக் கேட்டுக் கம்பியப் புடிச்சு எந்திரிச்சு நின்னு, என்னப் பாத்துச் சிரிக்குது. வாயில ரண்டு பல்லு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. டாக்டரம்மா உள்ள இருந்து வந்து, ஒரு நிமிசம் பாத்துட்டு, "நாச்சிமுத்தண்ணாவா? வாங்க"ன்னாங்க. மோரு குடுத்தாங்க. "அன்னிக்கு நீங்க ரெண்டாவது தடவை போன் பண்ணினப்பவே வெடிச்சிருக்கும்ணா. நான் பறந்து வந்திருந்தாலும் காப்பாத்தியிருக்க முடியாது"ன்னாங்க. அப்ப நான் சொன்ன பொய்யி எதுக்குமே ஆகல பாருங்க. குதிரையக் கொல்லக்கூட ஆகல. ஒரு பொம்பளை கையில மண்ணை எடுத்துக் குடுக்கத்தான் ஆச்சு.

அப்பறம் கேட்டாங்க. "அன்னிக்கு நான் ஏன் பேசலைன்னா, குதிரையும் போயி, புருசன் மேல இருந்த நம்பிக்கையும் போனா அவங்க தாங்குவாங்களான்னு தோணுச்சு. நீங்களே பொறுமையாச் சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன். சொன்னீங்கல்ல?"

குழந்தை எம்பட வேட்டியப் புடிச்சு இழுத்துட்டு நிக்குது தம்பி. அந்தப் புள்ளைய வெச்சுட்டு, இன்னும் சொல்லலீங்கன்னு எந்த வாயால சொல்றது?

"அன்னிக்கு ராத்திரியே சொல்லிட்டனுங்க"ன்னேன்.

அந்தம்மா மொகம் சட்டுன்னு மாறிப் போச்சு. கல்லாட்டம் ஆயிருச்சு. "தெரிஞ்சுமா?"ன்னாங்க. "எல்லாம் தெரிஞ்சுமா அவங்க ஒரு வார்த்தை என்னைக் கேக்கல? நான் ஆசுபத்திரியில படுத்திருந்தப்பக்கூட? அதுவரைக்கும் அவங்களுக்கு விசயம் தெரிஞ்சிருக்காதுன்னு நெனச்சுத்தான் நான் மனசத் தேத்திக்கிட்டேன்." குழந்தையத் தூக்கிட்டு உள்ள போயிட்டாங்க. கதவைச் சாத்தல. சாத்தியிருந்தாத் தேவலைங்க.

வாசல் மண்ணத் தொட்டுத் தொட்டுக் கும்புடறவள, நான் போயிக் கல் நெஞ்சுக்காரியா ஆக்கிப்போட்டு வந்திருக்கறேன். திரும்பிக் கூப்புட்டு, இல்லீங்கம்மா, அவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்கன்னு சொல்ல எனக்கு நாக்கு எழும்பல. பஸ்ஸு ஏறிட்டேன்.

இருங்க, போன் அடிக்குது. அவதானுங்க. கரூர் தாண்டறதுக்குள்ள நாலாவது தடவை. குழந்தை நல்லா இருக்குதான்னு கேக்கத்தான். நல்லா இருக்குது, ரண்டு பல்லு மொளச்சிருக்குதுன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். இன்னிக்கு ராத்திரி வயிறாரச் சோறு திம்பா. எல்லாம் முடிஞ்சு போயிரும். யாருக்கும் ஒண்ணும் தெரியாது.

தம்பி, நீங்க எடுத்து, ஆளு அசந்து தூங்கறாருன்னு சொல்லிப்போடறீங்களா? ஒரு ஒதவியாக் கேக்கறேன். ஊடு போறதுக்குள்ள ஒரு ரோசனை பண்ணிக்குவேன்.

இல்ல, வேண்டாமுங்க. குடுங்க இப்படி. உங்க வாயையும் எதுக்குக் கெடுக்கறது.

அலோ. ஆ, பாவாத்தா. பஸ்ஸுலதான் வர்றேன். பாத்தேன் புள்ள, பாத்தேன். நல்லா இருக்குது, பொட்டப்புள்ள. அழுகாத. அழுகாத, இரு. சாமி கும்புடறது அப்பறம் கும்புட்டுக்கலாம். இல்ல, நீ வெச்சுராத. நான் சொல்றதக் கேளு. எங்கயாச்சும் உக்காந்துக்க. உக்காந்துட்டியா? அன்னிக்கு முத்தான் லத்தி போடலே.